வெல்மார் 9: விட்டுப்போன அரை விநாடி

கார் விமர்சனம் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். இருபத்திரண்டு வருடமாக அதை எழுதியே பிழைக்கிறவள் சொல்கிறேன். நாங்கள் பொய் எழுதுவதில்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் கிடையாது. கம்பெனிக்காரன் கழுவித் துடைத்து, டயருக்கு மை பூசி, முழு சார்ஜோடு அனுப்பிய வண்டியை ஒரு வாரம் ஓட்டிவிட்டு, நீங்கள் வாங்கப்போவதும் இதே வண்டிதான் என்று எழுதிவிடுகிறோம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை எவ்வளவு அடக்கமாகக் கேசரி சாப்பிடுவார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என் பெயர் தில்லைநாயகி. மாத இதழ் ஒன்றில் ‘அன்றாடம் ஓட்ட’ என்ற பகுதியை எழுதுகிறேன். விலை உயர்ந்த வண்டிகளைப் பந்தயத் தடத்தில் விரட்டிப் பார்த்து எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டித் தொழிற்பேட்டையில் இருக்கும் அலுவலகத்துக்கு ஓட்டிப் போவேன், அவ்வளவுதான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கியில் ஒரு வாளி இட்லி மாவை மூடி போடாமல் வைத்து, வேளச்சேரி வேகத்தடைகளின் மேல் ஏற்றி இறக்குவேன். மாவு சிந்தாவிட்டால் சஸ்பென்ஷன் பாஸ். என் வாசகர்களுக்குக் குதிரைத்திறன் மறந்துபோகும், மாவு வாளி மறக்காது.

வெல்மார் 9 மாவு சிந்தாத வண்டி. பெரிய அதிகாரிகளும் முதலாளிகளும் வாங்குகிற நீளமான செடான். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். காலை எடுத்தால் தேர் மாதிரி நிதானமாக உருளும். பேஸ்மென்ட் சரிவில் வயிறு தட்டாதபடி தானே எழும்பிக்கொள்ளும். மூட்டு வலிக்காரர்கள் ஏறும்போது சீட் உயர்ந்து கொடுக்கும். இதெல்லாம் மற்ற வண்டிகளிலும் உண்டு. வெல்மாரில் மட்டும் இருந்தது அந்தக் கண்ணாடி.

அது பெயருக்குத்தான் கண்ணாடி. உண்மையில் நான்கு பக்கமும் திரை. வெளியே கேமரா எடுப்பதை உள்ளே காட்டும். அடைமழையில் துளிகளை நீக்கிவிட்டு சாலையைக் காட்டும். எதிர்வெயிலை மட்டுப்படுத்தும். எதிரில் வருகிறவன் ஹைபீம் போட்டால் அதை விளக்கெண்ணெய் தீபம் அளவுக்குக் குறைத்துவிடும். நான் மயங்கித்தான் போனேன். “இந்தக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து பார்த்தால் சென்னைகூட அழகாக இருக்கிறது” என்று எழுதி, ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்தேன்.

அந்த வரியை வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கியது. எங்கள் அலுவலகத் தெருவிலேயே இருக்கும் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை. பெயர் ஜெபமணி. பேச்சில் திருநெல்வேலி இருந்தது.

“இத எழுதுனது நீங்கதானா மேடம்?”

“ஆமாம், உட்காருங்க.”

அவள் உட்காரவில்லை. “அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்து பாத்தா, ரோட்டுல விழுந்து கெடக்குத மனுசன் தெரிவானா?”

அவள் கணவர் தேவசகாயம் ஒரு கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர். பள்ளிக்கரணையில் வீடு. மூன்று மாதம் முன்பு, காலை ஆறரை மணிக்கு, டிப்போவுக்கு நடந்து போகும்போது ஒரு தண்ணீர் லாரி அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அது பின்பக்கச் சாலை. அதன் முடிவில் பெரிய வில்லாக் குடியிருப்பு ஒன்றுதான். பத்தொன்பது நிமிடம் அவர் அங்கேயே கிடந்திருக்கிறார். அதற்குள் நான்கு வண்டிகள் வந்தன. நான்காவதாக வந்தது குப்பை வண்டி, அதுதான் நின்றது. பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த டாக்டர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதலில் வந்த மூன்றும் வெல்மார் 9.

தன் போனில் இருந்த வீடியோவைக் காட்டினாள். எதிர்க்கட்டடத்து கேமரா எடுத்தது. நல்ல வெளிச்சம். சாலை நடுவில் ஒரு காக்கிச் சட்டை. முதல் கார் வருகிறது, லேசாக வலப்பக்கம் ஒதுங்கி, போய்விடுகிறது. ஆறு நிமிடம் கழித்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. மூன்றும் ஒரே இடத்தில் வளைந்து, ஒரே இடத்தில் நேராயின. யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

“போலீஸ்ல என்ன சொன்னாங்க?”

“மூணு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சாவளாம். ரோடு காலியாத்தான் இருந்துச்சுன்னு மூணு பேரும் ஒரே வார்த்தையாச் சொல்லிட்டாவ.”

“வழக்குப் போடப் போறீங்களா?”

“வழக்குக்கு வரல மேடம்.” அப்போதுதான் உட்கார்ந்தாள். “எம் மவ ஹெப்சிபா பத்தாவது படிக்கா. மூணு மாசமா வீட்டை விட்டு வெளிய வரல. பால்காரரைப் பாத்தாக்கூட, ‘இவரா இருந்தா நின்னிருப்பாராம்மா, போயிருப்பாராம்மா’ன்னு கேக்கா. அவ அப்பாவப் பாத்துட்டுப் போனாவளா, பாக்காமப் போனாவளா? அது ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாப் போதும். அவகிட்ட சொல்லணும்.”

நாலரை நட்சத்திரம் கொடுத்தவள் நான். விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று மாலை வரை, அவள் என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போன அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிடப்பவரைப் பார்க்காத வண்டி அவர் மேல் ஏறியிருக்கும். மூன்றும் ஒதுங்கின. அப்படியென்றால் வண்டி பார்த்திருக்கிறது. வண்டி பார்த்ததை ஓட்டியவருக்குக் காட்டியதா என்பதுதான் என் சந்தேகம்.

வெல்மார் கம்பெனியிடம், இரண்டு மாதம் ஓட்டி நீண்டகால அறிக்கை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். மறுநாளே வண்டி வந்துவிட்டது, பூங்கொத்தோடு. எங்கள் புகைப்படக்காரர் பிச்சாண்டியை அழைத்துக்கொண்டு தொழிற்பேட்டையின் ஆளில்லாத சந்து ஒன்றுக்குப் போனேன். அவரை சாலையில் படுக்கச் சொன்னேன்.

“இருபது வருஷ சர்வீஸுக்கு இதுதானா மேடம் மரியாதை?” என்று கேட்டுவிட்டுப் படுத்தார்.

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன். கண்ணாடியில் பிச்சாண்டி தெளிவாகத் தெரிந்தார். அவரைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம். வண்டி தானே நின்றது. “சாலையில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். ஆம்புலன்ஸை அழைக்கட்டுமா?” என்று கனிவாகக் கேட்டது.

பிச்சாண்டி எழுந்து மண்ணைத் தட்டினார். “விட்டா இதுவே என்னைத் தூக்கிட்டுப் போய் அட்மிட் பண்ணி, ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்து பாக்கும் போலிருக்கே.”

வெயிலில், தூறலில், வேகமாக, மெதுவாக என்று பதினோரு முறை சோதித்தோம். பதினோரு முறையும் நின்றது. எனக்குச் சந்தேகம் அதிகமானது. இவ்வளவு நல்லவர்களை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வண்டியை வாங்கியவர்களிடம் கேட்கலாம் என்று போனேன். அந்த மூன்று பேரும் போனை எடுக்கவில்லை. வேறு உரிமையாளர்களின் வண்டியைக் கேட்டால், அது சொந்தக்காரர் கை பட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். கூட உட்கார்ந்து வருகிறேன் என்றால், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சொந்த வீடு மாதிரி விலை கொடுத்து வாங்கிய வண்டியில் குறை இருக்கிறது என்று கேட்க யாருக்குப் பிடிக்கும்? தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் மட்டும் நின்று பேசினார்.

“உங்களுக்கு என்னம்மா சந்தேகம்? நல்ல வண்டிதான். இப்பல்லாம் ஊரே சுத்தமாயிடுச்சு, கவனிச்சீங்களா? முந்தி மாதிரி சிக்னல்ல தொந்தரவு இல்ல. பிளாட்ஃபார்ம்ல படுத்துக் கிடப்பாங்களே, ஒருத்தரையும் காணோம். எங்கே கொண்டுபோய் விட்டாங்களோ.”

அவர் கடை வாசலிலேயே, அவர் காருக்குப் பத்தடி தள்ளி, இரண்டு பேர் அட்டையை விரித்துப் படுத்திருந்தார்கள். அவரிடம் அதைக் காட்ட வாயெடுத்தேன். அதற்குள் காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார்.

இதற்கிடையில் ஜெபமணி தினமும் காலையில் எங்கள் அலுவலக வாசலில் நின்றாள். அவளுக்கு ஷிஃப்ட் ஒன்பது மணிக்கு. எட்டே முக்காலுக்கு நீலக் குடையோடு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். எதுவும் கேட்க மாட்டாள். நான் வண்டியைத் திருப்பும்போது தலையை மட்டும் லேசாக ஆட்டுவாள், ‘என்ன ஆச்சு?’ என்பது போல. நானும் கையை விரித்துக் காட்டுவேன். வண்டி பேஸ்மென்ட்டுக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து லிஃப்டில் மேலே போய்விடுவேன். முதல் வாரம் அவளை நேராகப் பார்த்து விரித்தேன். இரண்டாவது வாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விரித்தேன். மூன்றாவது வாரம், அவளைத் தூரத்தில் பார்த்ததுமே எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல் அவள் மேல் இல்லை என்று சொல்லலாம், ஆனால் அவளைப் பார்க்கும்போதுதான் வந்தது.

ஆயுத பூஜை வந்தது. என் கணவர் குமரகுரு எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். முதல் நாளே எல்லா வண்டிகளையும் கழுவ வைத்து, வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமத்தோடு தயாராக நின்றார். வெல்மாருக்கும் மாலை தொங்கியது.

“இது நம்ம வண்டி இல்லைங்க. ரெண்டு மாசத்துல திருப்பிக் கொடுக்கணும்.”

“நம்ம வாசல்ல நிக்குதுல்ல? எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு இதை மட்டும் விட்டா, பந்தியில ஒருத்தருக்கு மட்டும் இலை போடாம விட்ட மாதிரி இருக்கும் நாயகி. நீ ஏறி உக்காரு.”

சூடம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைந்தது. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எல்லோரும் சுற்றி நிற்க, நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். பழங்கள் நசுங்கின. குழந்தைகள் கை தட்டின. அத்தனை அமளியில் கண்ணாடி ஒரு நொடி மங்கித் தெளிந்தது. சூடப் புகைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இனிமையாக இருந்தன. பூஜை விடுமுறை முடிந்த ஊர் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கத்திபாரா நெரிசல்கூட உறுத்தவில்லை. “இரண்டாவது மாதத்தில் வண்டி நன்றாகப் பழகிவிட்டது. இறங்கும்போது களைப்பே இல்லை” என்று குறிப்பு எழுதினேன். ஜெபமணியும் வாசலில் இல்லை. ஊருக்குப் போயிருப்பாள், அல்லது இவளால் ஒன்றும் ஆகாது என்று விட்டிருப்பாள். சொல்லவே கூசுகிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கிண்டி சிக்னலில் நின்றிருந்தேன். வலப்பக்கக் கண்ணாடியில் டொக் டொக் என்று யாரோ தட்டினார்கள். திரும்பினேன். யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு பேருந்து, அதன் சிவப்பு வண்ணம், நடுவில் காலி இடம். மறுபடியும் டொக் டொக். என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சத்தம் வந்தது. கண்ணாடியை இறக்கினேன்.

ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் பூத்துவாலைகள். “மூணு நூறுக்கா, வாங்கிக்கக்கா.”

கண்ணாடியை ஏற்றினேன். பேருந்து, காலி இடம். இறக்கினேன். பெண், குழந்தை, துவாலைகள். ஏற்றினேன், இறக்கினேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக் குழந்தை சிரித்தது. பச்சை விழுந்து பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் வரை என் விரல் பொத்தானிலேயே இருந்தது. மீதி வழி முழுக்க எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டியபடிதான் ஓட்டினேன்.

அன்று ஒன்பது மணியெல்லாம் தாண்டித்தான் அலுவலகம் போக முடிந்தது. போனதும் நவாஸுக்குப் போன் செய்தேன். நவாஸ் வெல்மாரின் சிறுசேரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பிரிவில் வேலை பார்த்து, இரண்டு மாதம் முன்பு விலகியவர். வண்டி அறிமுக விழாக்களில் எனக்குப் பழக்கம். மதியம் எங்கள் பேஸ்மென்ட்டுக்கு வந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டயரின் பள்ளத்தில் எலுமிச்சை விதை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

“பூஜை போட்டீங்களா மேடம்?”

“ஆமாம். அதுக்கென்ன?”

“அதான்.” தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் சொன்னா சிரிப்பீங்க. எங்க கம்பெனியிலயே முதல்ல சிரிச்சாங்க.”

“நான் சிரிக்கிற நிலைமையில இல்லை நவாஸ்.”

“கண்ணாடிக்கு நாங்க கொடுத்தது ஒரே வேலைதான். ஓட்டுறவங்க மனசு அமைதியா இருக்கணும். மழை, வெயில், ஹைபீம், இதை மறைச்சா ஸ்டீயரிங் பிடிச்ச கையில நாடித்துடிப்பு இறங்குது. சரின்னு அதுவே மேற்கொண்டு கத்துக்கிச்சு. பிச்சை எடுக்குறவங்களை மறைச்சாலும் இறங்குது. விபத்தை மறைச்சா ரொம்பவே இறங்குது. ஆனா சில வண்டிகள்ல மறைச்சப்போ புகார் வந்துச்சு. எங்க டெஸ்ட் டிரைவருங்க, அரசாங்க ஆய்வாளருங்க, உங்களை மாதிரி பத்திரிகைக்காரங்க. மத்த வண்டிகள்ல இருந்து ஒரு புகாரும் இல்ல, பாராட்டுதான். ரெண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்னு அது தேடிச்சு.”

“கண்டுபிடிச்சுதா?”

“எலுமிச்சம்பழம்.”

டயரில் ஒட்டியிருந்த விதையைக் குனிந்து பார்த்தேன்.

“காசு கொடுத்து வாங்கின வண்டி மட்டும்தான் முதல் நாள் நாலு சக்கரத்துலயும் ஒரே நேரத்துல சின்னதா ஒண்ணை நசுக்கிட்டு நகருது மேடம். சுத்தி ஆளுங்க, புகை, கைதட்டல். டெஸ்ட் வண்டிக்கு யாரு பூஜை போடுறா? பழம் நசுங்கினா இவன் சொந்தக்காரன், இனிமே புகார் பண்ண மாட்டான். இதை யாரும் எழுதி வைக்கல. அதுவா கத்துக்கிச்சு. வேற ஊர்ல வேற எதையாவது பிடிச்சு வெச்சிருக்கும்.”

“கம்பெனிக்குத் தெரியுமா?”

“நான்தான் கண்டுபிடிச்சுச் சொன்னேன். யாரும் சொல்லித் தரல, அதனால யாரும் பொறுப்பில்லைன்னுட்டாங்க. அதான் வெளிய வந்தேன்.”

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன். ஜெபமணிக்குப் பதில் கிடைத்துவிட்டது. “அப்போ அந்த மூணு பேரும் தேவசகாயத்தைப் பாக்கவே இல்லை. வண்டி அவரை அழிச்சிடுச்சு.”

நவாஸ் உடனே தலையாட்டவில்லை. மடிக்கணினியை வண்டியோடு இணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “அப்படிச் சொல்ல முடியாது மேடம். எதை மறைக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஸ்டீயரிங் மேல ஒரு கேமரா இருக்கு. தூங்கிடுறோமான்னு பாக்குறதுக்கு. உங்க கண் எங்க போகுதுன்னு அதுக்குத் தெரியும். புதுசா ஒரு ஆள்னா முதல்ல காட்டித்தான் ஆகணும். நீங்க பாப்பீங்க. நாடி ஏறும். பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா அது கை வைக்காது. நீங்க கண்ணைத் திருப்பிக்கிட்டாத்தான், திரும்பிப் பாக்கும்போது அங்க எதுவும் இருக்காது. அடுத்த முறை அதே ஆள்னா காட்டவே காட்டாது.”

“எவ்வளவு நேரம் காட்டும்?”

“அரை விநாடி.”

“ரோடு காலியா இருந்துச்சுன்னு சொன்னாங்களே?”

“அவங்களுக்கே அப்படித்தான் ஞாபகம் இருக்கும் மேடம். ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தா ஒண்ணும் இல்ல. நல்லவேளைன்னு போயிருப்பாங்க.”

திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. பூஜைக்குப் பிறகு என் வண்டி மறைத்தவை. கிண்டி சிக்னலில் துவாலை விற்கும் பெண், ஐந்து முறை. கத்திபாராவில் கால் இல்லாத ஒருவர், நான்கு முறை. திறந்த சாக்கடையில் இறங்கியிருந்த இரண்டு பேர், ஒரு முறை. நான் யாரையெல்லாம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினேன் என்று எனக்கே தெரியாமல் அது கணக்கு வைத்திருந்தது. கடைசி வரியில், எங்கள் அலுவலக வாசல், ஒரு பெண், ஆறு முறை.

நவாஸ் படத்தைத் திறந்தார். நீலக் குடை. ஜெபமணி கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆட்டோவில் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். நான் ஆட்டோவிலிருந்து இறங்குவதை அவள் எதிர்பார்க்கவில்லை. குடையை மடக்கினாள்.

“ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்,” என்றேன். அது பொய் இல்லை, ஆனால் பொய் மாதிரியே ஒலித்தது.

“தெனமும் இங்கதான் மேடம் நின்னேன். கையக்கூட ஆட்டுனேன். நீங்க சிரிச்ச முகமாப் போனீய. ஏதோ நல்ல சேதி கெடைச்சிருக்கு, நேரம் வரும்போது சொல்லுவாவன்னு நெனச்சேன்.”

அவளைப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பழம், கண்ணாடி, அரை விநாடி, என் பட்டியலில் இருந்த அவள் படம். ஒன்றையும் விடவில்லை. அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

“அப்ப பாத்திருக்காவ,” என்றாள்.

“அரை விநாடி.”

“பாத்துட்டு, முகத்தைத் திருப்பியிருக்காவ. மூணு பேரும்.”

“ஆமாம்.”

டீ ஆறி ஆடை படிந்தது. கம்பெனியில் சங்கு ஊதியது. அவள் எழுந்தாள்.

“மேடம், நீங்க இத எழுதுவீயள்லா?”

“கண்டிப்பா எழுதுவேன்.”

“எழுதுங்க. ஆனா அந்த அரை விநாடிய மட்டும் விட்டுருங்க. கண்ணாடி மறைச்சிட்டு, அவங்களுக்குத் தெரியல, அம்புட்டுத்தான். ஹெப்சிபாகிட்ட நானும் அப்படித்தான் சொல்லப் போறேன். அவ ரோட்டுல நடக்கணும்லா மேடம். மனுசங்க மத்தியிலதான நடக்கணும்.”

நான் சரி என்றேன். யோசிக்காமல் சொன்னேன். இவ்வளவு சுலபமாக நான் எதற்கும் சரி சொன்னதில்லை என்று அப்போதே என் மேல் ஒரு சந்தேகம் தட்டியது. அரை விநாடியை எடுத்துவிட்டால் அந்த மூன்று பேரும் அப்பாவிகள். நானும் அப்பாவி.

கட்டுரை வந்தது. நவாஸ் தன் பெயரோடு சாட்சி சொன்னார். எலுமிச்சம்பழம் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. வெல்மார் மன்னிப்புக் கேட்டு, எல்லா வண்டியிலும் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தது. எனக்கு விருது தந்தார்கள். நானூறுக்கு மேல் கடிதங்கள் வந்தன. “இயந்திரம் நம்மை ஏமாற்றிவிட்டது” என்றார்கள். “எங்களுக்குத் தெரிந்திருந்தால் நின்றிருப்போமே” என்றார்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் ஜெபமணி வீட்டுக்கே போய் அழுதாராம். இயந்திரத்தைத் திட்டுவதில் எல்லோருக்கும் அவ்வளவு ஆறுதல் இருந்தது. நானும் மேடைக்கு மேடை திட்டினேன்.

மூன்று வருடம் ஆயிற்று. போன வாரம் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். மேல்கோட்டுப் பையில் பெயர் இருந்தது, ஹெப்சிபா தேவசகாயம். அவளை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஆன்ட்டி. எதை மறைக்கணும்னு அந்தக் கண்ணாடி எப்படி முடிவு பண்ணுச்சு?”

நானூறு கடிதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. மேசை மேல் எதையோ தேடுவது போல என் கண் போனது. போவதை உணர்ந்து, பிடித்து இழுத்து, அவள் முகத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். அரை விநாடியைச் சொன்னேன். உன் அப்பாவைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள், உன் அம்மாவை நானும் அப்படித்தான் செய்தேன் என்றேன்.

“உனக்காகத்தான் விட்டேன்மா. அம்மா கேட்டுக்கிட்டாங்க. நீ வெளிய வரணும்னு.”

அவள் அமைதியாகத் தலையாட்டினாள். அதிர்ச்சியே இல்லை.

“அம்மா அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டாங்க ஆன்ட்டி. பொய் சொல்லலாம்னுதான் வீட்டுக்கு வந்தாங்களாம். என் முகத்தைப் பாத்ததும் வரலையாம். ரெண்டு பேரும் அழுதோம். மறுநாள் நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன்.”

“மறுநாளேவா?”

“தெரியாம இருந்தப்போதான் பயமா இருந்துச்சு. எல்லார்கிட்டயும் அரை விநாடி இருக்குன்னு தெரிஞ்சப்புறம், அதுக்குள்ள கையைப் பிடிச்சு நிறுத்திடலாம்னு தோணுச்சு. இப்ப வேலையே அதானே.”

“அப்போ எல்லாம் தெரிஞ்சும் எதுக்கும்மா என்கிட்ட வந்து கேட்டே?”

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். குரலில் கோபம் இல்லை.

“எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அம்மா உங்ககிட்ட சொல்லல. தான் விடச் சொன்னாலும், அந்த அரை விநாடியை ஒருநாள் நீங்களா எழுதுவீங்கன்னு சொன்னாங்க. மூணு வருஷமா மாசாமாசம் உங்க பத்திரிகையை வாங்கிப் பாக்குறோம் ஆன்ட்டி.”